உடைவிளைக் கிணற்று மட்டம்

12 ஜனவரி 1996

அண்ணன் பொங்கப்படி கொண்டுவந்தான். உடைவிளையிலிருந்து மூன்று பஸ் மாறி, தச்சநல்லூர் நிறுத்தத்திலிருந்து ஆட்டோகூட வைக்காமல் தலைச்சுமையாகவே வந்து சேர்ந்தான். "ஆள் வச்சு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டால் கோபம் வரும். கூடப்பிறந்தவளுக்குக் கொண்டுபோகிற படியைத் தானேதான் சுமக்க வேண்டும் என்று அவனாக ஒரு சட்டம் வைத்திருக்கிறான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் இருந்தன. ஆனால் அவன் தன் கையால் எடுத்து என் கையில் வைத்தது தேங்காய் மட்டும்தான். மட்டை உரிக்காமல், காம்போடு, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டின தேங்காய். "உரிச்சு விக்கது கடைக்காரன். நம்ம தோப்புக் காய்க்கு எதுக்கு உரிக்கணும்? மட்டையைப் பாத்தாலே தெரியாண்டாமா?" என்றான்.

ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வயல் பிளாட்டாகப் போனபோது ஆளுக்கொரு பங்கு வந்தது. நான் இந்த வீட்டைக் கட்டினேன். வைத்தியலிங்கம் அண்ணன் நேரே ராதாபுரம் பக்கம் போய், உடைமரமும் கள்ளியும் தவிர வேறெதுவும் முளைக்காத செம்மண்ணை வாங்கிக் கிணறு வெட்டித் தென்னை வைத்தான். ஆத்துத் தண்ணியில் வளர்ந்தவனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தென்னை காய்த்த அன்றைக்கு எல்லார் வாயும் அடைந்துபோயிற்று.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "கிணறு இறங்கிக்கிட்டே போவுதுளா. ஆழ்குழாய் போட பேங்குல எழுதிக் குடுத்திருக்கேன். கரண்டுக்கும் எழுதியிருக்கேன். நீ தண்ணி ஆபீஸ்லதான இருக்க, ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் இருப்பது நிலத்தடி நீர்ப் பிரிவு. கிணறு கிணறாகப் போய் மட்டத்தை அளந்து எழுதுகிற வேலை. எங்கள் வார்த்தையை எந்த பேங்கும் கேட்காது என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருக்கிறேன்.

13 ஜனவரி

சொதி வைத்தேன். அண்ணன் தோப்புத் தேங்காயில் பால் பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. இவர் இஞ்சித் துவையலோடு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க அண்ணன் நல்லா இருக்கணும்" என்றார். அடுப்படியில் வெந்தது நான், வாழ்த்து அண்ணனுக்கு.

6 பிப்ரவரி

அலுவலகத்தில் கூட்டம். மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை ஸ்வாமிநாதன் சார் வாசித்தார். ஒவ்வொரு வட்டாரத்தையும் வெள்ளை, சாம்பல், கருப்பு என்று பிரிக்க வேண்டும். மழை பூமிக்குள் விடுவதில் கொஞ்சத்தை மட்டும் இறைக்கிற வட்டாரம் வெள்ளை. விடுகிறதை எல்லாம் வழித்து இறைத்துவிடுகிற வட்டாரம் கருப்பு, இரண்டுக்கும் நடுவில் சாம்பல். கருப்பு என்று எழுதிவிட்டால் அங்கே புதுக் கிணற்றுக்குக் கடன் கிடையாது, புது மோட்டாருக்கு மின் இணைப்பு கிடையாது.

கொள்கை சரிதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நானே இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். பானையில் இருக்கிற கஞ்சியை ஆளுக்கொரு அகப்பையால் வழித்துவிட்டால் நாளைக்குக் குடிக்க என்ன இருக்கும்?

அண்ணன் இருக்கிற வட்டாரம் சாம்பலுக்கும் கருப்புக்கும் நடுவில் நிற்கிறது. மே மாத மட்டத்தை வைத்து முடிவு செய்யப்போகிறார்கள். அங்கே நாங்கள் அளக்கிற மற்றக் கிணறுகளின் கதை எப்போதோ முடிந்துவிட்டது. உடைவிளைக் கிணறு ஒன்றுதான் இழுபறி. "உடைவிளை உங்க அண்ணா ஊர் இல்லையோ?" என்று சார் கேட்டார். ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

14 மார்ச்

உடைவிளை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊர்க்கிணறுதான் எங்கள் அளவுக் கிணறு. தண்ணீர் உவர்ப்பு, யாரும் குடிப்பதில்லை. குடிப்பதற்கு ஆற்றுத் தண்ணீர் லாரியில் வருகிறது. டேப் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றுக்குள் இறக்கினேன். நனைந்த இடத்தைப் பார்த்து அளவைக் குறித்தேன். தைப் பொங்கலுக்கு இருந்ததைவிட நன்றாகவே இறங்கிவிட்டது.

மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. கோமதி மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னளா, ஒரு மாதிரியா இருக்க?" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த ஊர்க்கிணத்துல மே மாசம் இன்னும் ஒரு மீட்டர் தண்ணி கூட நின்னா உங்க வட்டாரம் தப்பிச்சுக்கிடும். இல்லைன்னா அண்ணன் எழுதிக் குடுத்த காயிதத்தை அடுப்புல போட வேண்டியதுதான்" என்றேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"ஒரு மீட்டரா?" என்று மட்டும் கேட்டான்.

"பக்கத்துல மதுரைக்காரர் பண்ணையில ஆழ்குழாய் நிக்காம ஓடுதே, அதை மூடச் சொல்லுவாவளா?" என்று மதினி கேட்டாள். ஏற்கெனவே போட்டதைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை என்றேன்.

"நல்ல நியாயம்" என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள்.

19 ஏப்ரல்

ஜீப்பைத் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பஸ் போகிற ஊர்களில் மட்டும் அளந்தேன், உடைவிளைக்குப் போகவில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் தண்ணீர் தருவதாகச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்துத் தருவார்கள் என்று ஒரு சுவரிலும் எழுதக் காணோம்.

16 மே

மட்டம் ஏறியிருக்கிறது.

முதல் தடவை அளந்தபோது டேப் எங்கேயோ சுவரில் உரசி நனைந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி துடைத்து, மறுபடி சாக்பீஸ் தடவி இறக்கினேன். அதே அளவு. ஒரு சொட்டு மழையில்லாத கோடையில், ஊரில் ஆட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லாத மே மாதத்தில், உடைவிளைக் கிணறு ஒன்றரை மீட்டர் ஏறி நிற்கிறது. டிரைவர் நாறும்பூநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்துக்கண்ணு தொறந்துட்டு போலம்மா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்வானேன், சந்தோஷம்தான். அண்ணனுக்குக் குழாய் கிடைக்கும், தென்னை பிழைக்கும், நான் யாருக்கும் கெட்டவளாக வேண்டாம்.

டேப்பைச் சுருட்டும்போது நுனியில் இருந்த ஈரத்தை நாக்கில் வைத்தேன். விதியில் இல்லாத பழக்கம். பரிசோதனைக்குப் பாட்டிலில் தனியாகத் தண்ணீர் எடுக்கிறோம். இருந்தாலும் எந்தக் கிணறு எவ்வளவு உப்பு என்று என் நாக்குக்கு ஒரு கணக்கு உண்டு. உடைவிளைத் தண்ணீர் நாக்கைச் சுருட்டும்.

இன்று இனித்தது.

இந்த இனிப்பு எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர். ஆத்துத் தண்ணி. செம்மணல் தேரிக்காட்டை ஒட்டின உவர்க்கிணற்றுக்குள் தாமிரபரணி எப்படி வந்தது?

வழக்கமாக ஜீப் வந்தால் ஊரே சுற்றி நிற்கும். இன்று ஒரு தலையைக் காணோம், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. உவரியிலிருந்து மீன் விற்க வருகிற எலிசபெத் மட்டும் நிறைந்த கூடையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரற்றிக்கொண்டிருந்தாள். "கொண்டாந்த சாளை அப்படியே கெடக்கும்மா. மீன் கழுவத் தண்ணி இல்லங்காவ. லாரி வராமலா இருக்கு? வருது. இறக்குன தண்ணியைக் குடம் குடமாக் கொண்டுபோய் அந்தக் கெணத்துல கொட்டுதாவ. சேசுவே, இப்படியும் உண்டுமா?"

"யாரு கொட்டச் சொன்னது?"

"நான் வெளியூர்க்காரி, எனக்கென்ன தெரியும்? உங்க அண்ணாச்சி வீட்டுலதான் மொதக் குடம்னு பேசிக்கிடுதாவ."

17 மே

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

கிணற்றடியிலிருந்து நேரே போனபோது அண்ணன் தோப்பில் நின்றான். மறைக்கவே இல்லை. "ஆமா, ஊத்துனோம். ஊர் கூடிப் பேசித்தான் ஊத்துனோம். எல்லாவனும் குழாய்க்கு எழுதிக் குடுத்திருக்கான். ஒரு மீட்டர் வேணும்னு நீதான சொன்ன?"

"பூமிக்குள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் அளக்கது அண்ணே. நீங்க கொண்டாந்து ஊத்தி வச்சா அது தண்ணியா?"

"பின்ன என்னது, பாலா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், அளப்பதற்கென்றே கொண்டுபோய்க் கிணற்றில் போட்ட ஊரை நான் கேள்விப்பட்டதில்லை என்று கத்தினேன். குடிக்கிற தண்ணீரை யாராவது பாழுங்கிணற்றில் கொட்டுவார்களா, அறிவு எங்கே போயிற்று என்றும் கேட்டேன். அவன் பக்கத்தில் நின்ற தென்னையைக் காட்டினான். குருத்து தவிர மற்ற ஓலையெல்லாம் தொங்கிவிட்டது.

"கருப்புன்னு நீ எழுதிட்டா மதுரைக்காரன் குழாயை மூடுவாவளா? மாட்டாவ. முதல்ல போட்டவன் உறிஞ்சிக்கிட்டே இருப்பான். பொறவு வந்தவன் வாயில மண்ணு. இதுக்குப் பேரு திட்டமா? நான் கேக்கது ஒத்தக் குழாய். புள்ள மாதிரி வளத்தேன்ளா இதுகளை."

கேட்டது நியாயம். அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. இப்போது குழாய் போட்டால் ஓரிரண்டு வருஷம் தண்ணீர் வரும், பிறகு அதுவும் காற்றுதான் இழுக்கும், அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அந்த ரெண்டு வருசம் உசிரோட இருக்கட்டும். பொறவு பாத்துக்கலாம்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

20 மே

கோமதி மதினியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு. லாரித் தண்ணீரைக் கிணற்றில் கொட்டிவிட்டுத் தோப்புக் கிணற்றின் அடிக்கசண்டை வடிகட்டிக் குடித்திருக்கிறாள். காய்ச்சிக் குடிக்கக்கூடத் தோன்றவில்லையா? அதே ஊர் ஆறுமுகத்தாய் தன் கைப்பிள்ளையோடு அடுத்த கட்டிலில் இருக்கிறாள். பிள்ளைக்குக் கண் குழி விழுந்துவிட்டது. குளுக்கோஸ் ஏறுகிறது, பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள்.

அண்ணன் வராந்தாவில் நின்றான். என்னைக் கண்டதும் பைய நகர்ந்து வெளியே போய்விட்டான்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் பிடிப்பே இல்லை. "நாங்க குடிக்காம ஊத்துன தண்ணிளா நீலா. வீணாப் போயிரக் கூடாது. எழுதிரு" என்றாள்.

என்ன சொல்ல இவளிடம்? சரி என்று தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது.

22 மே

மதினிக்குத் தேவலை. பிள்ளையும் பால் குடிக்கிறது. எங்கள் குலதெய்வம் சாஸ்தா காப்பாற்றினார்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யோசித்துவிட்டுச் சொல்கிறார்: "டேப்பு என்ன காட்டுச்சோ அதைத்தான எழுதப்போற? நீ ஒண்ணும் பொய் சொல்லலையே." கணக்கு வாத்தியார் பேசுகிற பேச்சா இது? பின்னால் இருக்கிற விடையைப் பார்த்து எழுதுகிற பையனுக்கு மார்க் போடுவீர்களா என்று கேட்டேன். ரேடியோவைத் திருகிக்கொண்டே, "ஒரே அண்ணன், பாத்துக்க" என்றார்.

ஒரே அண்ணன். எனக்குத் தெரியாதாக்கும்!

எழுதிவிட்டால் என்ன? வட்டாரம் சாம்பலில் நிற்கும். அண்ணனுக்குக் கடன் கிடைக்கும். அண்ணனுக்கு மட்டுமா? கேட்கிறவனுக்கெல்லாம் கிடைக்கும். பண்ணைக்காரர் புதிதாக இன்னும் நாலு போடுவார், அவருக்கா ஆள் இல்லை? கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறினதை நானே வருஷா வருஷம் அளந்து எழுதியிருக்கிறேன். உடைவிளையிலும் ஏறிவிட்டால் அப்புறம் எந்த லாரித் தண்ணீரை ஊற்றினாலும் அது இறங்காது. எழுதாவிட்டால் தென்னை போகும். அண்ணனும் போவான்.

பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. பென்சிலால்கூட எழுதவில்லை.

23 மே

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணிக்கு நோப்பாளம் என்பாள் அம்மா. கேட்கிறவளுக்குக் கோபம் வரும், சரி. உள்ளதைச் சொல்கிறவளுக்கு என்ன வரும் என்று அவள் சொல்லிவைக்கவில்லை.

24 மே

ஸ்வாமிநாதன் சாரிடம், உடைவிளைக் கிணற்றை இறைத்து ஊறவிட்டு மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்டேன். காரணம் கேட்டார். வெளித்தண்ணீர் கலந்திருக்கிறது, சுவை மாறியிருக்கிறது என்றேன். யார் கலந்தது என்று அடுத்துக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "செய்யுங்கோம்மா. நீங்க வேண்டாம்னா வேற ஆளை அனுப்பறேன்" என்றார். நானே போகிறேன் என்றேன்.

28 மே

முந்தாநாள் இறைத்தோம். டீசல் மோட்டாரை வைத்தபோது ஊர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. யாரும் தடுக்கவில்லை. ஒருத்தர் ஒரு வார்த்தை வைதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தத் தண்ணீரைக் காட்டில் விட எனக்கு மனசு வரவில்லை. குழாயைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னேன். பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துப் பிடித்தார்கள். தாங்கள் ஊற்றினதைத் தாங்களே திரும்பப் பிடித்தார்கள். உவர்ப்பு கலந்துவிட்டது, குடிக்க ஆகாது, துணிதான் துவைக்கலாம். மதினியும் வந்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்போடு. குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று போய் மறுபடி அளந்தேன். நாக்கைச் சுருட்டுகிற பழைய தண்ணீர். மார்ச்சில் இருந்ததைவிடவும் கீழே.

ஜீப்பில் உட்கார்ந்தே பதிவேட்டில் எழுதினேன், மையால். நாறும்பூநாதன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "போவமாம்மா?" என்றான். போவோம் என்றேன்.

9 அக்டோபர்

உத்தரவு வந்துவிட்டது. கருப்பு.

18 நவம்பர்

மதினி எழுதின கார்டு. பேங்கிலிருந்தும் மின்வாரியத்திலிருந்தும் இல்லை என்று பதில் வந்துவிட்டதாம். உடம்பு சௌகரியமாம். அண்ணன் கேட்டதாக ஒரு வரி இல்லை. எப்போதும் கடைசியில் "அண்ணன் விசாரித்தார்கள்" என்று ஒரு வரி இருக்கும்.

12 ஜனவரி 1997

படி வரவில்லை.

நாளைக்கும் இருக்கிறது, வருவான். கோபத்தில் தாமதமாகக் கிளம்பியிருப்பான்.

13 ஜனவரி

வரவில்லை. நிறுத்தத்தில் பஸ் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அடுத்த வீட்டு விஜயஸ்ரீ தனக்கு வந்த கரும்பை மதிலில் சாய்த்துவிட்டு, "அண்ணன் வந்துட்டுப் போயிட்டாவளாக்கா?" என்று கேட்டாள். வந்துவிட்டுப் போனான் என்று சொல்லிவிட்டேன். பிறந்த வீட்டுப் படி வரவில்லை என்று எந்த வாயால் சொல்ல? உள்ளதைச் சொல்கிற நீலாம்பாள்!

இவர் கடையிலிருந்து தேங்காயும் மஞ்சள்குலையும் வாங்கிவந்து முற்றத்தில் வைத்தார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. உரித்த தேங்காய். அதைப் பார்த்ததும் என்ன வந்ததோ, நீங்க என்ன எனக்கு அண்ணனா என்று கத்திவிட்டேன். பாவம் மனுஷன். எடுத்து உள்ளே வைத்தார்.

17 ஏப்ரல்

மாத அளவுக்கு உடைவிளை. தோப்பில் பாதி மரம் மொட்டையாக நிற்கிறது. அண்ணன் வரப்பில் நின்று ஆள்விட்டுத் தறித்துக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். "இறங்கிப் பேசுதீங்களாம்மா?" என்று நாறும்பூநாதன் கேட்டான். வேண்டாம் என்றேன். கோடாலிச் சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது, டேப்பை இறக்கும்போதும் கேட்டது.

அந்தப் பக்கம் பண்ணையில் மோட்டார் ஓடுகிறது. எலுமிச்சை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. சவத்தைத் தள்ளு என்று என்னால் விட முடியவில்லை. வந்த கையோடு உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். புதிதாக வருகிறவனை மட்டும் தடுத்தால் முதலில் வந்தவன் பெருத்துப் போவான், இருக்கிற ஆழ்குழாய்க்கும் இறைக்க ஒரு வரம்பு வேண்டும், கருப்பு என்று எழுதின ஊரில் மழைத்தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் விடக் கசிவுக் குளம் வெட்ட வேண்டும். ஒன்றை மறுத்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் போவது திட்டம் ஆகாது. இந்தக் கடைசி வரியை சார் அடிக்கச் சொல்வார்.

21 ஏப்ரல்

அடிக்கச் சொல்லவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். "வரம்புக்குச் சட்டம் இல்லையேம்மா, குளம் வேணா கிடைக்கும்" என்றார்.

30 ஜூலை

சார் சொன்னபடிதான். வரம்பு பற்றிப் பதிலே இல்லை. உடைவிளைக்கு ஒரு கசிவுக் குளம் மஞ்சூர் ஆகி உத்தரவு வந்திருக்கிறது.

24 ஆகஸ்ட்

மதினி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் குரல். "குளம் எங்கன வெட்டன்னு உங்க ஆளுவளுக்கும் ஊருக்கும் ஒரே சண்டைளா. குளம் வேணும், ஆனா என் நிலத்துல வேண்டாம்னு ஒவ்வொருத்தனும் சொல்லுதான். கடைசில உங்க அண்ணன் போய், தென்னை பட்டுப்போன மேல்பத்து நிலத்தைக் காட்டிட்டு வந்துட்டாவ."

"அவனாகவேவா?"

"அவியளாத்தான். ஏன்னு கேட்டா, ஓடை அங்கனதான் வளையுது, தண்ணி அங்கனதான் நிக்கும்னாவ. அதுக்கு மேல பேச்சு இல்லை."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். பூத்துக்காரன் மாதிரி இவர் வந்து, பேசி முடித்தாயா என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

8 நவம்பர்

மழை. இந்த வருஷம் ஆண்டவன் கணக்குப் பார்க்காமல் கொட்டுகிறான். அண்ணன் மேல்பத்தில் தண்ணீர் நிற்குமா, கரை தாங்குமா? பயமாக இருக்கிறது. போன் பண்ணிக் கேட்க அண்ணன் வீட்டில் போனும் இல்லை.

11 டிசம்பர்

உடைவிளை. கரை நின்றிருக்கிறது. தென்னை நின்ற இடத்தில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் நிற்கிறது, தோண்டாமல் விட்ட அடிக்கட்டைகள் நடுவில் தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. கொக்குகூட வந்துவிட்டது.

ஊர்க்கிணற்றில் மட்டம் ஏறியிருந்தது. பழைய பயத்தில் நுனியை உடனே நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்தக் கிணற்றின் சொந்த உப்புதான், கொஞ்சம் மெலிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, நாறும்பூநாதனுக்குத் தெரியாமல் டேப்பைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பண்ணை மோட்டாரும் ஓடுகிற சத்தம் கேட்டது. குளத்தில் ஊறுவதில் பாதியை அதுதான் குடிக்கும். அதற்கு இன்னொரு குறிப்பு எழுத வேண்டும், எழுதுவேன்.

திரும்பும்போது அண்ணன் குளத்தின் எதிர்க்கரையில் மண்வெட்டியோடு நின்றான். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. வரவும் இல்லை.

12 ஜனவரி 1998

காலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சுமை இறங்குகிற சத்தம். அண்ணன். தலையில் அதே சுமட்டுத் துண்டு. ஆள் பாதியாகிவிட்டான், மீசை முழுக்க நரைத்துவிட்டது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏளா நீலா, ஊர்க்கிணத்துல தண்ணி ஏறியிருக்காம்லா?" என்றான்.

"ஆமாண்ணே."

"நாங்க ஒண்ணும் ஊத்தல, பாத்துக்க."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவன் துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "என்ன வெயில் அடிக்கி" என்றான். மார்கழிக் காலைப் பனி இன்னும் மதிலில் ஈரமாக இருந்தது.

இவர் வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். சோறு போட்டேன். மதினிக்குச் சேலை கொடுத்தனுப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்து என்னைக்கி அளக்க வருத?" என்று கேட்டான். சொன்னேன். "சரி, சாப்பிடாம ஓடிராத. கோமதி சொல்லச் சொன்னா" என்றான்.

அவன் போன பிறகு படியை எடுத்து உள்ளே வைத்தேன். பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு. பனங்கிழங்கு முன்னெல்லாம் கொண்டுவருகிறதைவிட நிறைய. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு தேங்காய், மட்டை உரித்து, குடுமியோடு. கடையில் வாங்கின காய். நாளைக்குச் சொதிக்கு அதையே எடுத்துவைத்தேன்.